ஹாலோ-ஹாலோ கேட்ட நாள்

மனைவி படுக்கையில் கிடந்த கோடையில், அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பிலிப்பைன்ஸ் பெண் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் தனக்காக ஹாலோ-ஹாலோ என்ற தன் ஊர்க் குளிர் இனிப்பைச் செய்தாள். சீவிய ஐஸுக்கு அடியில் இனிப்புப் பயறும் பலாச்சுளையும், மேலே பாலும் ஊதா நிறக் கிழங்குக் களியும் இருந்தன.

மனைவி தலையை உயர்த்திப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, இது எங்கட இராசவள்ளிக்கிழங்கெல்லே? எனக்கும் ஒரு கரண்டி தரச் சொல்லுங்கோ.”

“உமக்குச் சீனி கூடீடும். பேந்து பாப்பம்” என்று தள்ளிப்போட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, விரும்பியதைக் கொடுங்கள் என்று டாக்டரே சொன்னார். அந்தப் பெண் உடனே செய்து கொண்டுவந்தாள். ஆனால் மனைவியால் அப்போது தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை. களியைத் தொட்டு அவள் உதட்டில் தடவினேன். அவள் கண் திறக்கவில்லை. அன்று மறுத்ததற்கு இன்றும் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.