பெயருக்கு மேல் மூன்று கோடு

எங்கள் சொந்தத்தில் யாருக்காவது வம்சாவளி எழுத வேண்டும் என்று ஆசை வந்தால் எனக்குத்தான் போன் வரும். போன மாதம் மட்டும் சென்னையிலிருந்து கொழுந்தன் மகள், துபாயிலிருந்து நாத்தனார் மகன் என்று இரண்டு பேர். நான் பத்தாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனாலும் ஐந்து தலைமுறைப் பேர் எழுதிய நோட்டு ஒன்று என் வீட்டுப் பூஜை அலமாரியில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்க என்று கேட்பார்கள். உன் பேரில் ஆரம்பித்து மேலே போ என்பேன். வீட்டில் யார் மூத்தவரோ அவரிடம் முதலில் போய் உட்கார், நாளைக்கு என்று தள்ளாதே. பழைய கல்யாணப் பத்திரிகையைக் குப்பை என்று தூக்கிப் போடாதே. பெண்களைப் பிறந்த வீட்டோடு சேர்த்து எழுது. இதெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்வேன். ஒருத்தர் இறந்துவிட்டார் என்று எழுதுவதற்கு முன்னால் வாயைத் திறந்து கேட்டுவிடு, கேட்கக் கூச்சமாக இருந்தால் காலியாக விட்டுவிடு. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருநெல்வேலி டவுனில் இருந்தோம். அப்பா ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். தாத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சிவபதவி அடைந்து வருஷத் திதியும் முடிந்திருந்தது. அதற்கப்புறம் வந்த தை அமாவாசைக்கு அப்பா முதல்முதலாகக் குறுக்குத்துறையில் தர்ப்பணம் கொடுக்க இறங்கினார். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மந்திரம் சொல்லி வைத்த ஐயர், அப்பா பேர் என்ன, தாத்தா பேர் என்ன, அவருக்கு அப்பா பேர் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது பேரில் அப்பா நின்றுவிட்டார். பின்னால் எள்ளோடு காத்திருந்த ஒருவர், "பேரு தெரியலன்னா கொஞ்சம் ஒதுங்கி நின்னு யோசியும் வே, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா வீட்டில் சாப்பிடவில்லை. தாத்தாவுக்கு எல்லாப் பேரும் தெரியும். அவர் இருந்தவரை நாங்கள்தான் கேட்கவில்லை.

ஆடி அமாவாசைக்குள் எல்லாப் பேரையும் சேர்த்துவிடுவதாக அப்பா சாமி முன்னால் நின்று சொல்லிக்கொண்டார். அவருக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒரு நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தோம். இறந்தவர் பேருக்கு மேல் திருநீற்றுப் பட்டை மாதிரி மூன்று கோடு போட்டுவிடு, ஆற்றில் அந்தப் பேரை மட்டும் நீ வாசித்தால் போதும் என்றார் அப்பா.

வீட்டுப் பத்திரத்தில் தாத்தாவுடைய அப்பா பேர் முழுசாக இருந்தது. அவருடைய அப்பா பேர், ஆற்றில் அப்பா நின்றுபோன அந்த மூன்றாவது பேர், எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தபோது, அதன் அடியில் உபயம் என்று போட்டு அந்தப் பேர் இருந்தது. அப்பா அந்த விளக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். நான் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் மூன்று கோடு போட்டேன். அந்தக் கோடு போடுவதில் எனக்கு ஒரு ஆசையே வந்துவிட்டது. பரீட்சைத் தாளில் டீச்சர் சரி போடுவது மாதிரி இருந்தது.

கடைசியாக ஏரலில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், பதினைந்து வயது வித்தியாசம். தாத்தாவோடு பிறந்தவர்கள் பேரெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அப்பா மாமாவோடு வெளியே போய்விட, நான் அடுக்களையில் நோட்டோடு உட்கார்ந்தேன். அத்தை வாழைக்காய் சீவிக்கொண்டே பேர் சொன்னாள். தாத்தாவின் அக்கா ஒருத்தி, இறந்து முப்பது வருஷம். தங்கை ஒருத்தி, அம்மை கண்டு போனவள். கோடு, கோடு.

"அப்புறம் அத்தை?"

"அப்புறம்…" என்று அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். தாத்தாவுக்கு ஒரு தம்பி உண்டு என்று மெதுவாகச் சொன்னாள். பேரைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. "என்னைத் தோள்ல வச்சே வளத்தாவ ஏட்டி" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு புழக்கடைக்குப் போய்விட்டாள்.

நான் பேரை எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அத்தை வரவில்லை. அழுகிறவளிடம் போய் அவர் எப்போது செத்தார் என்று எப்படிக் கேட்பது? தெருவில் ஐஸ் வண்டி மணி வேறு அடித்தது. அவ்வளவு அழுதால் செத்துத்தானே போயிருப்பார். ஸ்கேலை எடுத்து மூன்று கோடு போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

ஆடி அமாவாசையும் வந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நான் படியில் நின்று ஒவ்வொரு பேராக வாசித்தேன். அப்பா ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். இந்தத் தடவை அவர் எதற்கும் தடுமாறவில்லை. கடைசியாகத் தாத்தாவின் தம்பி பேரை, அப்பாவும் நோட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்ட பேரை, வாசித்தேன். அதையும் மூன்று தடவை சத்தமாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். கரையேறியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஏரலில் அன்று பெரிய திருவிழா. அதையும் விட்டுவிட்டுத் தம்பி வீட்டுப் படையலுக்கு என்று அத்தை மத்தியானம் வந்தாள். அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பெருமையாக, இன்னின்ன பேர் சொன்னேன் யக்கா என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் கடைசிப் பேர் வந்ததும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே, சித்தப்பா பேரையா சொன்ன? அவிய இருக்காவளே லே!"

அப்பா எண்ணிக்கொண்டிருந்த விரலை மடக்கினார். "இருக்காவளா? எங்கன?"

"கூடங்குளத்துல இட்லிக் கடை போட்டிருக்காவ. போன மாசியிலகூட திருச்செந்தூர்ல பாத்தேன். வருஷம் ஒரு தடவை அங்கன வச்சுப் பாத்துக்கிடுவோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே யக்கா!"

"அந்தப் பேரை யாரும் எடுக்கக் கூடாதுன்னு அப்பா கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் வாங்கியிருந்தாவ. சித்தப்பா கடற்கரைக்காரப் பிள்ளையக் கட்டிக்கிட்டு வந்து நின்ன அன்னைக்கே வாங்கினது. நீ அப்பம் தொட்டில் பிள்ள. நாப்பது வருஷமாச்சு. நான் சொல்லியிருந்தா இந்த வீட்டு நடையை மிதிச்சிருக்க முடியுமா?"

அவர்கள் பேசியது பாதி என் காதில் விழவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார். "கோடு யாரு போடச் சொன்னா?"

"அத்தைதான் செத்துட்டாவன்னு சொன்னாவ" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "வயசாயிட்டுல்லா, எதையாவது உளறியிருப்பேன். நாளைக்கே போய்ப் பாத்துட்டு வா. பிள்ளையையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

அன்று படையல் சோற்றைக் காக்கை எடுக்கவில்லை. அம்மா மூன்று தடவை மாடிக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். நான் பூஜை அறையில் போய் உட்கார்ந்து ரப்பரை எடுத்து அந்த மூன்று கோட்டையும் அழித்தேன். அழித்தும் தடம் தெரிந்தது. எச்சில் தொட்டு அழித்தேன். பேருக்கு மேல் தாள் கிழிந்து ஓட்டை விழுந்துவிட்டது. கோடாவது பரவாயில்லை என்று ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருவர் பேரைச் சொல்லி ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. வாசித்தது நான். இனி அவர் எத்தனை நாள் இருப்பார்? நெல்லையப்பரே, காந்திமதித் தாயே, அவரை விட்டுவிடுங்கள், இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்பா ஐயரிடம் ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நேரில் போய்க் காலில் விழுந்து, கோயில் திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டு வா, மற்றதைச் சுவாமி பார்த்துக்கொள்ளும் என்று ஐயர் சொல்லியிருந்தார்.

காலையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு பஸ் ஏறினோம். வள்ளியூர் தாண்டியதும் கரண்டு எடுக்கும் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றின. வேறு நாளாக இருந்தால் எண்ணியிருப்பேன். அன்றைக்கு, இந்தக் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குள்ளே வைத்துக்கொண்டேன். அடுத்தது சுற்றாமல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கூடங்குளத்தில் இறங்கி, இட்லிக் கடை வைத்திருக்கும் பெரியவர் என்று அப்பா ஒரு சைக்கிள் கடையில் விசாரித்தார்.

"அந்தக் கடை நேத்துலேர்ந்து அடைச்சுல்லா கெடக்கு" என்றான் கடைக்காரன். "பெரியவர் நேத்து காலையில வழுக்கி விழுந்துட்டாரு அண்ணாச்சி. தூக்கிட்டுப் போனாவ."

நேற்றுக் காலை. நான் படியில் நின்று அந்தப் பேரை வாசித்த நேரம். அப்பா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. சைக்கிள் கடைக்காரன் கை காட்டிய சந்தில் நடந்தோம். ஒரு வீட்டு முன்னால் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"வாரது யாரு?" என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. கனத்த, உயிருள்ள குரல்.

கட்டிலில் ஒரு கிழவர், கணுக்காலில் துணிக் கட்டோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூக்கு அப்படியே தாத்தா மூக்கு. வெளியே இருந்தவர்கள் காலுக்கு எண்ணெய் கொடுத்துவிட்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அப்பா தன் அப்பா பேரைச் சொல்லி, அவருடைய மகன் என்று சொன்னார். அப்பா காலில் விழுந்தார். ஆற்றில் நடந்ததை விழுந்தபடியே சொன்னார். அக்கா சொன்னதைத் தப்பாக எழுதிவிட்டோம், மன்னிக்க வேண்டும் சித்தப்பா என்றார். திருநீற்றைக் கையில் எடுத்தவர், உள்ளே இருந்து வந்து நின்ற அவர் மனைவியின் கழுத்தில் சிலுவையைப் பார்த்துத் தயங்கினார்.

"பூசி விடுங்க தம்பி. தெனமும் நான்தான் எடுத்துக் குடுக்கேன்" என்றாள் அவள்.

கிழவர் நெற்றியைக் காட்டினார். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினார். தன் பேர் இருந்த பக்கம் வந்ததும் அந்த ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டு ஆட்டினார். "இது என்ன வே, என் தலைக்கு மேல கிணறு வெட்டி வச்சிருக்கியோ? இதுலதான் நேத்து வழுக்கி விழுந்திருக்கேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"தப்பாயிட்டு சித்தப்பா" என்றார் அப்பா மறுபடியும்.

"அது கெடக்கட்டும். என் பேரை முழுசாச் சொன்னியா?"

"சொன்னேன் சித்தப்பா."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"பையவா, சத்தமாவா?"

"சத்தமாத்தான். ஆத்துல நின்னவிய எல்லாம் கேட்டிருப்பாவ. பிள்ள வாசிச்சா, நான் சொன்னேன்."

கிழவர் சிரித்துக்கொண்டிருந்த முகத்தோடேயே அழ ஆரம்பித்தார். தோள் குலுங்கிற்று. சாவுக்குப் பயந்துதான் அழுகிறார், அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அத்தை சொல்லல! நான்தான் கேக்காமக் கோடு போட்டேன்!" என்று கத்திவிட்டேன். அப்பா கை ஓங்கினார். கிழவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கட்டிலுக்கு இழுத்தார்.

"நீதானா வாசிச்ச? எப்படி வாசிச்ச? இன்னொரு தடவை வாசி தாயி. அதே மாதிரி சத்தமா."

நோட்டை என் மடியில் விரித்து வைத்தார். ஓட்டைக்குக் கீழே அவர் பேர் இருந்தது. நான் நோட்டைப் பட்டென்று மூடிவிட்டேன். வாசி, வாசி என்று அவர் கெஞ்சினார். வீட்டு ஆள் வாயால் அந்தப் பேரைக் கேட்டு நாற்பது வருஷமாயிற்று, ஒரு தடவை போதும் என்றார். அப்பா அதட்டினார். அந்த அம்மாள் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இன்னொரு தடவை அந்தப் பேர் என் வாயில் வந்தால் அவர் அங்கேயே சாய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ் ஏறும்வரை வாயைத் திறக்கவே இல்லை. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் அப்பா தோளில் சாய்ந்து, திருநெல்வேலி வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.