பீட்ரூட் பொட்டு வைத்த மாடுகள்

ஒரு முழு வகுப்பே சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்கிய நாளை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. நியாயம் கேட்பதையே தொழிலாக வைத்திருந்தேன். பெரிய தோசை யாருடைய தட்டில் விழுகிறது என்பதில்கூட.

குடும்பத்தில் யாராவது வாழ்ந்த ஊரைப் பற்றி, அங்கே முதலில் குடியேறியவர்களின் கதை ஒன்று சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. நாங்கள் இருந்த மொன்றியலைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். என்னிடமோ சித்தப்பா இருந்தார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வீட்டு ஸோபாவுக்குக் குடிவருமுன் அவர் மேற்கே, அல்பேர்ட்டாவின் நாட்டுப்புறம் ஒன்றில் இரண்டு குளிர்காலம் இருந்தவர். கந்தோரில் மேசை வேலை என்று சொல்லியிருந்தார். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு கௌபோய் தொப்பியும் அந்த இடத்துப் பழங்கதைகளும்தான். குதிரைக் கள்ளர், ஓநாய்க்கூட்டம், ரயில் வராததால் செத்துப்போன பட்டினம்.

எனக்குப் பிடித்தது தனியாக மாடு வளர்த்த ஒருவனின் கதை. பனிப்புயலில் வழி தவறாதிருக்க, வீட்டுக் கதவிலிருந்து மாட்டுக்கொட்டில் வரை கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி போய்வருவான். தை மாதம், மூக்கு உறையும் குளிரில், மாடுகளுக்கென்று பால் விட்டுப் பொங்கினான். குங்குமத்துக்கு எங்கே போவான்? பீட்ரூட்டை வெட்டி நெற்றியில் பொட்டு வைத்தான்.

மாடு வைத்திருப்பவன் பட்டிப் பொங்கல் பொங்காமல் வேறென்ன செய்வான்? எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. மூக்குவரை இறங்கிய தொப்பியோடு, எதிரே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல், பிரெஞ்சில் முழங்கினேன். பொட்டு வந்த இடத்தில் வகுப்பு வெடித்தது. பின்வரிசையில் ஒருவன் மாடுபோலக் கத்தி நெற்றியை நீட்டினான்.

"அழகான கற்பனை," என்றார் ஆசிரியை. "ஆனால் நான் கேட்டது வரலாறு."

கற்பனையாம்!

பஸ் முழுக்கக் கறுவிக்கொண்டே வீடு வந்தேன். சித்தப்பா சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களாலதான்! எல்லாரும் சிரிச்சவை. வெள்ளைக்காரன் மாட்டுக்குப் பொங்குவானோ?"

"ஏன், மாடு வேண்டாமெண்டு சொன்னதோ?"

"பகிடி விடாதேங்கோ! பொங்குவானோ, மாட்டானோ?"

கத்தி நின்றது. "இல்லைப் பிள்ளை. வெள்ளைக்காரன் பொங்கமாட்டான்தான்."

அடுப்படியிலிருந்து அம்மா சட்டென்று திரும்பினார். "தம்பி, நீங்கள் அங்க கந்தோரில எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

சித்தப்பா இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

பேச்சை மாற்றுவதில் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். நான் விடுவேனா? குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று. தண்டனையாகத் தொப்பியைப் பறிமுதல் செய்து அறைக்குக் கொண்டுபோய், உள்ளே முகர்ந்து பார்த்தேன். வைக்கோலும் சாணியும் மணத்தன. இப்படி ஒரு ஊத்தைத் தொப்பியையா என் தலையில் வைத்து அனுப்பினார் என்று, அதையும் அவர்மேல் இன்னொரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டேன்.