உடைமுள்ளில் பாடிய பெட்டி

உடைமரத்து முள்ளைக் கடித்தால் முதலில் நாக்கில் துவர்ப்பு ஏறும், அப்புறம் தொண்டைவரைக்கும் கசக்கும். ‘நறுக்’கென்று ஒடிந்தால் அது முற்றிய முள், வளைந்து கொடுத்தால் இளசு. ஆடுகூட அந்த முள்ளை ஒதுக்கிவிட்டு இலையைத்தான் தின்னும், நீ எதற்குக் கடித்தாய் என்று கேட்பீர்கள். பாட்டுக் கேட்பதற்காகக் கடித்தேன். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்வதில் பாதியை என் பிள்ளைகளே நம்புவதில்லை.

அது சண்டைக்காலம், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு தூத்துக்குடியில், திரேஸ்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால், காற்று திசை மாறினால் கருவாட்டு வாசம் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்காருகிற ஒரு சந்தில் இருந்தது. அப்பாவை நாங்கள் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்குப் பஞ்சாலையில் வேலை. மீசை முளைக்கும் முன்பே அந்த மிஷின்களுக்கு நடுவில் போய் நின்றவர், அங்கே பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேசவேண்டும் என்பதால், வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுவார். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லுவார்கள். அப்படிப்பட்டவரின் காதுக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. மெல்லப் பேசினால் கேட்காது, ஆனால் ஒரு கரண்டி கீழே விழுந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஆலைக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் என்று அம்மா சொல்லுவாள்.

இந்தக் காது இருக்கிற வீட்டுக்குத்தான் கொழும்பில் கடை வைத்திருந்த என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், கப்பலில் ஒரு கிராமபோன் கொண்டுவந்து இறக்கினார். சின்னத் தேக்குப் பெட்டி, பக்கத்தில் சாவி கொடுக்க ஒரு கைப்பிடி, மேலே ஊமத்தம்பூவைப் போல் வாய் விரித்த பித்தளைக் குழாய், ஓலைப்பெட்டி நிறையப் ‘பிளேட்டுகள்’. அம்மாவின் கல்யாணத்தின்போது சரியாகச் சீர் செய்ய முடியவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் இது. அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். குழாய்க்கு வாய் எது, காது எது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் வைத்தாள்.

ஐயா ஆலையிலிருந்து வந்து வேட்டியை மாற்றிக்கொண்டு உட்காரும் நேரமும், அம்மாவுக்கு அடுப்படி வேலை ஓய்ந்து கை சும்மா இருக்கும் நேரமும் ஒன்றாக இருந்ததுதான் வினை. பிளேட்டு சுற்ற ஆரம்பித்து, குழாய்க்குள்ளிருந்து ஒரு பெண் உச்சத்துக்குப் போனதும், ஐயா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

“ஏளா, அதை நிப்பாட்டு. மண்டைக்குள்ள எவனோ அரத்தைப் போட்டு ராவுத மாதிரி இருக்கு.”

அம்மா நிறுத்தினாள். மறுநாள் வைத்தாள். மறுநாளும் ராவியது. உண்மையைச் சொன்னால், ஐயாவுக்கு மட்டுமில்லை, எங்கள் எல்லோருக்குமே மூன்றாவது பிளேட்டுக்குள் தலை கனத்துவிடும். கொழும்புச் சாமான் ஆயிற்றே என்று நாங்கள் ரசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த முகத்தை ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது, தாடை வலிக்கும்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஆராய்ச்சிகளைக் கேளுங்கள். அம்மா முதலில் குழாய்க்குள் ஐயாவின் துண்டைத் திணித்தாள். பாடுகிறவள் கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு எலிசபெத்து அக்கா, தோணிக்காரரின் பெண்டாட்டி, சுவருக்கு அந்தப்புறமிருந்து எட்டிப் பார்த்து, “ஏளா, உள்ள பாடுதவளுக்கு நீர்க்கோவையா? ஆவி பிடிக்கச் சொல்லு” என்றாள். துண்டை எடுத்துவிட்டுக் குழாயைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். சுவர் கேட்டுவிட்டு இன்னும் சத்தமாக எங்களுக்குத் திருப்பிச் சொன்னது. பெட்டியை அடுப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினால் புகை அடித்து அம்மாவுக்கு இருமல் வந்தது, பாட்டில் பாதி அவள் இருமல்தான். கடைசியில் அம்மா, ஆலையிலிருந்து வந்த கழிவுப் பஞ்சில் இரண்டு உருண்டை பிடித்து, ஐயாவின் காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாள். ஐயா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“பகல் பூரா மூக்குல பஞ்சு. ராத்திரி காதுலயும் பஞ்சா? இன்னும் கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டிட்டின்னா சோலி முடிஞ்சுது.”

அம்மா சிரித்துவிட்டாள். ஐயா சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, அலுத்துப்போன குரலில்தான் சொன்னார்: கோயில் கொடைக்கு அண்ணன் ஊருக்கு வரும்போது பெட்டியைக் கையோடு கொடுத்துவிடு, எனக்குப் பெட்டிமேல் வருத்தமில்லை, எனக்கு இருக்கிறது இந்த ஒரு சோடிக் காதுதான் என்றார்.

சின்னப்பிள்ளை எனக்கே அது விளங்கியது. பிறந்த வீட்டிலிருந்து வந்த சீரைத் திருப்பி அனுப்பினால் மாமா அதை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்; அப்புறம் எந்தக் கொடைக்கும் எங்கள் வாசல்படி ஏறமாட்டார். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் என்ற ஒரு வழிதான் திறந்திருந்தது. அதற்காக, ஆலையில் நின்று நின்று காதைத் தேய்த்துக்கொண்ட மனுஷனை, வீட்டிலும் வந்து வதைபடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிளேட்டுகளை ஓலைப்பெட்டியில் அடுக்கி மேலே பழைய சேலையைப் போட்டு மூடினாள். இரண்டு நாள் கழித்துச் சேலையை எடுத்தாள். மறுபடி மூடினாள். இப்படியே கொஞ்ச நாள் போனது.

இதற்கிடையில் ஊசி விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரு ஊசி, அப்புறம் அதைத் தூர எறிந்துவிட வேண்டும் என்று மாமா கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அம்மாவுக்கு அது அநியாயமாகப் பட்டது. தைக்கிற ஊசியை ஆயுசு பூராவும் வைத்துத் தைக்கிறோம், பாடுகிற ஊசிக்கு மட்டும் என்ன கேடு, விற்கிறவன் சொல்லத்தான் செய்வான் என்று, முதல் நாள் மாட்டிய ஊசியையே கழற்றாமல் வைத்திருந்தாள். மிச்ச ஊசிகளைக் காகிதப் பொட்டலத்தோடு ‘பத்திரமாக’ வைத்தாள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? அடுப்படி மாடத்தில், உப்புப் பானைக்குப் பக்கத்தில். கடல்காற்று போதாது என்று உப்புப் பானையும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? மாட்டிய ஊசி ஒருநாள் முனை மழுங்கிப் பிளேட்டிலேயே வழுக்க ஆரம்பித்ததும் பொட்டலத்தைப் பிரித்தாள். ஊசிகள் எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே துருக்கட்டியாக இருந்தன. கடைத்தெருவில் கேட்டால், சண்டை முடியட்டும் என்றார்கள். அப்போது எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான்.

பெட்டி ஊமையானது ஐயாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. அம்மா பேசாமல் இருப்பதும் அவருக்குப் பழக்கமில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராது என்று மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவள். பகல் பூராவும் தெருதான் எனக்கு வகுப்பு. அன்றைக்குப் பனை ஓலையில் காற்றாடி செய்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, ஒரு சோளத்தட்டையில் செருகிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டில் எரிக்கிற விறகு உடைவிறகு, அதனால் முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. காற்றாடி விர்ரென்று சுற்றியது. புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா என்னை நிறுத்தி, காற்றாடியை வாங்கி, சுற்றாமல் நடுவில் நிற்கிற முள்ளையே பார்த்தாள். பிறகு முள்ளை உருவிக்கொண்டு பெட்டியிடம் போனாள். காற்றாடி போயிற்றே என்று நான் அழுதேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அரிவாள்மணையில் முள்ளை நகத்தளவுக்கு நறுக்கி, ஊசி மாட்டுகிற துளையில் செருகித் திருகினாள். சாவி கொடுத்தாள். முதல் முள் இளசு, பிளேட்டில் வைத்ததும் வாழைத்தண்டு மாதிரி மடங்கியது. இரண்டாவது பாதிப் பாட்டில் முனை போய்விட்டது. மூன்றாவதை அடுப்புச் சாம்பலில் கொஞ்ச நேரம் புதைத்துவைத்து, அம்மிக்கல் ஓரத்தில் உரசிக் கூராக்கி மாட்டினாள். பெட்டி பாடியது.

அதை எப்படிச் சொல்வது? முன்பு அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குள் நின்று தெருவுக்குப் பாடினாள். இப்போது அடுத்த அறையில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தனக்குத் தானே பாடுகிற மாதிரி இருந்தது. எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் பாதிக்குமேல் அடங்கிவிட்டது. உச்சத்துக்குப் போகும்போதும் குத்தவில்லை. சத்தம் சின்னது, பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் கேட்கும். ஒரு பக்கம் பாடி முடித்தால் முள் மொட்டையாகிவிடும், உடனே வேறு முள் வேண்டும். ஆகமொத்தம் மாமா சொன்னபடி ஒரு பாட்டுக்கு ஒன்று என்று அம்மா மாற்ற ஆரம்பித்தது அப்போதுதான். விறகோடு சும்மா வருகிற சாமான், மாற்றினால் என்ன! முள் பொறுக்குவதும் கடித்துப் பார்ப்பதும் என் உத்தியோகம். வீட்டு விறகில் தீர்ந்தால் எங்கள் ஊரை அடுத்த புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம் குடை விரித்த மாதிரி நிற்கிற உடைமரங்களுக்கு அடியில் போய்ப் பொறுக்குவேன். பாட்டை நிறுத்தாமல் ஓட்டுவதற்கு என் பல்லும் காரணம் என்று எனக்கு ஒரு பெருமை.

சாயங்காலம் ஐயா வந்தார். அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லாமல் பிளேட்டை வைத்தாள். அவர் வழக்கம்போல் கையைக் காதுக்குக் கொண்டுபோனார், கை பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசைப் பலகையில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்தார். பாட்டு காதில் விழவேண்டுமானால் அவர் வாயை மூடியாக வேண்டும். மூடினார். அந்த வாரத்தில் எலிசபெத்து அக்கா வந்து அம்மாவிடம் மெதுவாக, “என்னளா, ஒங்க வீட்டுக்காரர் சத்தத்தையே காணோம், மேலுக்குச் சொகமில்லையா?” என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடு என்று சொன்னதை அவர் வாபஸ் வாங்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கொடை வந்தது. கொடைக்கு ஊருக்கு வந்த மாமா, கப்பலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தக் காலத்தில் அதைக் கொழும்பில் தேடிப் பிடிக்க எத்தனை கடை ஏறி இறங்கினாரோ, டப்பா நிறைய உருக்கு ஊசி. அப்படியே கிராமபோனைப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

“நான் குடுத்ததை முள்ளை வச்சா ஓட்டுதிய?”

 அவரே முள்ளைக் கழற்றிப் புது ஊசியை மாட்டிப் பிளேட்டை ஓடவிட்டார். பழைய ஊசி ஏற்கனவே உழுதுவிட்டுப்போன பிளேட்டு. புது ஊசிக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று, முன்னைவிடக் கூடுதலாக ராவியது. ஐயா மைத்துனருக்கு எதிரில் காதைப் பொத்தக்கூடாதே என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டாத என் அம்மா, நேராகப் போய்ப் பாட்டின் நடுவில் ஊசியைத் தூக்கினாள். கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். சேலை முந்தியிலிருந்து ஒரு முள்ளை எடுத்து மாட்டினாள்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். கப்பலுக்கு நேரமாகிறது என்றார். கப்பலுக்கு நேரம் கிடந்தது. பெட்டி தன் கையோடு திரும்பிப் போவதற்காகத்தான் இதெல்லாம் நடக்கிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, அதன் பக்கம் அவர் கை போனது. அப்போதுதான் ஐயா வாயைத் திறந்தார். கத்தவில்லை. எனக்குத் தெரிந்து அவர் ஒருவரிடம் மெல்லப் பேசியது அன்றைக்குத்தான்.

“இருங்க மச்சான். இந்தப் பக்கம் முடியட்டும். இத்தனை நாளும் இது கத்துதுன்னு நெனச்சேன். பாடுதுன்னு இப்பத்தான் தெரியுது.”

மாமா நின்றார். பிறகு உட்கார்ந்தார். முள் பாடி முடித்தது. அம்மா அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பியோடு வந்தாள், புகை என்றாள். அடுப்பு அணைந்து ரொம்ப நேரமாகியிருந்தது. மாமா அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கொடைக்கு வந்தார், ஊசி மட்டும் கொண்டுவரவில்லை.

ஐயா போய், அம்மாவும் போனபின் அவளுடைய டிரங்குப் பெட்டியில் அந்தத் தகர டப்பா கிடைத்தது. மூடியைத் திறக்கவே கத்தி தேவைப்பட்டது. ஊசிகள் பழையபடி ஒரே துருக்கட்டி. அதில் ஒன்று குறையும் என்று எனக்குத் தெரியும், எண்ணத்தான் முடியாது. கிராமபோன் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் எந்தக் கரையானுக்குப் போனதோ தெரியாது.

இப்போது என் பேரன் வீட்டில் அறையின் நாலு மூலையிலும் ஆளுயரத்துக்குக் கறுப்புப் பெட்டி நிறுத்தியிருக்கிறான். நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்குமாம். உட்காருவேன். இரண்டு பாட்டு போனதும், தலையைச் சொறிவதுபோல் காது மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். நான் ரொம்ப ரசிப்பதாக அவன் எல்லோரிடமும் சொல்கிறான்.

போன மாதம் முள் கதையைச் சொன்னேன். தேடிக் கொண்டுவருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை ரோடு முழுக்கச் சுற்றியிருக்கிறான். நான் பொறுக்கின இடத்தில் வீட்டுமனைக் கல்லும் குடோனும்தான் நிற்கிறதாம். கடைசியில் ஒரு வேலியோரத்தில் சீமைக்கருவேல முள் ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தான். கடித்துப் பார்க்க எனக்குப் பல் இல்லை, அவனைக் கடிக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கடித்தான்.

“வளையுது ஆச்சி” என்றான்.

“அப்ப அது பாடாதுலே” என்றேன்.