நீச்சல் குளத்து ஸ்பானிஷ்

குளோரின் வாடை எங்கே அடித்தாலும் என் காதுக்குள் ஸ்பானிஷ் கேட்கும். கூடவே வயிறும் எரியும். இரண்டாயிரங்களின் நடுவில் அப்பாவுக்கு வளைகுடாவில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை. ஆலைக்காரர்களின் குடியிருப்பில் எங்களுக்கு வீடு. அங்கே நீச்சல் குளத்தை ஆண்டவர்கள் வெனிசுவேலா, கொலம்பியா, பெரு, அர்ஜென்டினா என்று நாலு நாட்டுப் பிள்ளைகள். நாடு வேறு, கொடி வேறு, பேச்சு மட்டும் ஒன்று. ஒரே நாட்டுக்காரர்களான நாங்களோ மலையாளியோடும் குஜராத்தியோடும் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தோம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் வகுப்பில் இருந்த இன்னொரு தமிழ்ப் பெண், என் உயிர்த்தோழி சுதா, ஒரே கோடை விடுமுறையில் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கம் போய்விட்டாள். பிறருக்குப் புரியாமல் புறணி பேச எங்களுக்கென்று இருந்த ரகசிய மொழி தமிழ்தான். இப்போது அவள் பெரு நாட்டு லூசியாவின் காதில் ஸ்பானிஷில் குசுகுசுப்பாள், இருவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "வாடி" போய் "வாமோஸ்" வந்துவிட்டது. "இக்கரைக்கு அக்கரை பச்சைடி, தலையைக் காட்டு" என்று அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பாள். பச்சையாவது மண்ணாவது!

சுதாவை எப்படியும் மீட்டாக வேண்டும். சமூக அறிவியல் பாடத்தில் ஆயுதம் கிடைத்தது. எங்கள் பக்கத்து வீடுதான் லூசியாவுடையது; அங்கே அவள் பிறந்தநாளன்று, கேக் வெட்டும் நேரத்தில், எல்லோர் முன்னிலும் ஒப்பித்தேன்: ஸ்பானிஷ் இவர்களுடையதே இல்லை, கப்பலில் வந்து நாட்டைப் பிடித்தவன் விட்டுப்போனது, பிரேசிலுக்குப் போர்ச்சுகீசு, சுரிநாமுக்கு டச்சு, கயானாவுக்கு நம்மைப் போலவே இங்கிலீஷ், பிடித்தவன் யாரோ அவன் பாஷைதான் ஆட்சிமொழி. சுதா முறைத்தாள். லூசியாவின் அம்மா ரோசா ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "உண்மைதான். என் அம்மா பேசியது கெச்சுவா, கப்பல்காரன் வருவதற்கு முன்பே எங்கள் மண்ணில் இருந்த மொழி. பள்ளியில் கேலி செய்வார்கள் என்று எனக்குச் சொல்லித்தரவில்லை. நீயும் உன் அம்மாவும் போடும் சண்டை தினமும் சுவர் தாண்டிக் கேட்கிறது. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எனக்குப் பொறாமையாக இருக்கும்."

என் மேல் பொறாமையா! எனக்குத் தலைகால் புரியவில்லை. சுதா மட்டும் அப்போதும் திரும்பி வரவில்லை. இன்றும் அவள் மேல் எனக்குக் கோபம்தான்.

இப்போது துபாயில் என் மகளோடு நான் போடும் சண்டை முழுக்க இங்கிலீஷில். "சாப்பிட வாடி" என்றால் "கமிங், மாம்" என்கிறாள். போன மாதம் பக்கத்து ஃபிளாட்டுக்கு ஒரு மதுரைக் குடும்பம் வந்திருக்கிறது.

"தலையக் காட்டுறியா இல்லையாடி?"

"போம்மா, எண்ண நாறுது!"

சுவருக்கு அந்தப் பக்கம் இது தொடங்கியதும், நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.