பெரட்டில் ஜெயித்த குளவி குரூப்

கொழும்பில் என் அலுவலகத்தில், சேர்ந்து வேலை செய்வதற்கென்றே ஐந்து செயலிகள் இருக்கின்றன. ஆனாலும் பக்கத்து மேசைக்காரர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆறாவதை வாங்கக் கூட்டம் போட்டபோது, கூட வேலை செய்யும் பிரபு என் காதில் சொன்னான்: "எங்க அக்கா வேல செய்யிற தேயிலைத் தோட்டத்துல ஒரே ஒரு வாட்ஸ்அப் குரூப்தான். அதுல உயிரையே காப்பாத்துறாங்க. போய்ப் பாரு." போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டுப் புறப்பட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன், பதினொன்றரைக்கு ஹட்டன். இன்னொரு பஸ்ஸில் தலவாக்கலை. அங்கிருந்து வட்டகொடைப் பக்கம் தோட்டத்துக்கு ஆட்டோ, எண்ணூறு ரூபாய். ஓட்டிய சிவா அண்ணன், "நானும் அந்தக் குரூப்லதான் இருக்கேன் தம்பி. குளவி கொட்டுனா ஆசுபத்திரிக்கு நான்தானே ஏத்திட்டு ஓடணும்" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு மலையில் குளவி கலைந்தால் அடுத்த மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கு முன்பெல்லாம் தெரியாது. இப்போது கூட்டைப் பார்த்தவர் உடனே குரலில் செய்தி போடுகிறார். வேறு எதையும் போடக்கூடாது. பிரபுவின் அக்கா ஜெயந்தி இதில் கறார்: "சாமி படம், ரோஜாப்பூ, குட்மார்னிங் போட்டா குரூப்ப விட்டுத் தூக்கிருவோம். எங்க மாமியாரையே ரெண்டு தடவ தூக்கியாச்சு!"

நான் போன அன்றுதான், புதிதாக வந்த கண்டாக்கு (மலையில் வேலையை மேற்பார்க்கும் அதிகாரி) மறுநாளிலிருந்து யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருந்தார். தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் வேண்டும். அவள் கையில் போன் இருந்தால் மட்டும் குற்றம். சாயங்காலமே மூன்று கேங்குக்கும் (கொழுந்து பறிக்கும் குழு) ஜெயந்தியின் குரல் போனது: "நாளைக்கு யாரும் போனக் குடுக்காதீங்க."

காலை ஏழு மணி, பெரட்டு. அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கும் இடம். கண்டாக்கு மேசையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார்.

"எல்லாம் இதுல போடுங்க. பேசிக்கிட்டே நின்னா கொழுந்து யாரு எடுக்கிறது?"

ஒருவரும் அசையவில்லை. ஜெயந்தி தன் போனில் சத்தத்தைக் கூட்டிப் பழைய செய்தி ஒன்றை ஓடவிட்டார்: "கீழ வராதீங்க, குளவி! மேரிக்கு மூச்சு வாங்குது! சிவா அண்ணே, ஆட்டோவ எடுங்க!" அந்த மேரி முன்வரிசையில் கூடையோடு நின்றார்.

"ஐயா, நீங்களுந்தான் மலைக்கு வாறீங்க. ஒங்களக் கொட்டுனா, எங்க போனெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள கெடந்தா எங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார் ஜெயந்தி.

"ஐயாவுக்குக் குளவி சலாம் போடும்டி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். களமே சிரித்தது.

கண்டாக்கு உள்ளே போய் மேனேஜருடன் பேசிவிட்டு வந்தார். போன் இருக்கலாமாம். ஜெயந்தி அதோடு விடவில்லை. "ஒங்க நம்பரையும் தாங்கய்யா. நீங்க கூட்டப் பாத்தாலும் சொல்லணும்ல." கொடுத்தார். மேரி காலிப் பெட்டியை மடித்து, "அடுப்புக்கு ஆகும்" என்று எடுத்துக்கொண்டார். மூன்று கேங்கும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் மலையேறின.

போகிறவர்களுக்கு: மழைக்கோட்டு அவசியம். சென்ட் பூசிக்கொண்டு மலைக்குள் போகாதீர்கள், குளவி கலையும். கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதீர்கள். அலுவலகக்காரர்களுக்கு: ஆறாவது செயலி வேண்டாம். இருப்பதில் எதற்காகப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

கொழும்பு திரும்பிய மறுநாள் ஜெயந்தி அக்கா குரூப்பைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். கண்டாக்கின் முதல் செய்தி: பனித்துளியோடு ஒரு ரோஜாப்பூ, குட்மார்னிங். அதற்கு அக்கா போட்ட குரல் பதிலையும் கூடவே அனுப்பியிருந்தார்:

"மொத தடவங்கிறதால விடுறோம் ஐயா."