டபுள் ஷீட் ஜன்னலும் ஆவடி அம்மாவும்

வண்டியா, வீடா

அந்த வேன் எங்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது மழை வலுத்திருந்தது. ஒரு பக்க ஜன்னலில் கோணிச் சாக்கு கட்டியிருந்தார்கள். வண்டிக்குள் கட்டில், அடுப்பு மேடை, அலமாரி எல்லாம் இருந்தன. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்து, பழுதாகிவிட்டதால் விட்டுப்போன வண்டியாம். சென்னையில் பாடி பக்கம் ஒரு ஷெட்டில் வெகுகாலம் கிடந்ததாம்.

எங்கள் பட்டறை நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. உள்ளே டியூப் லைட் எரிகிற கடை போர்டுகளை, கண்ணாடி மாதிரி இருக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்து கொடுப்போம். ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிப்பது, பளபளப்பாக்க பஃபிங் பிடிப்பது, இரண்டு ஷீட் சேருகிற இடத்தில் ஊசியால் குளோரோஃபார்ம் விட்டு ஓரத்தைக் கரைத்து ஒட்டுவது, இதெல்லாம் என் வேலை. கஸ்டமர் வந்தால் ஷீட் அடுக்குக்குப் பின்னால் போய்விடுவேன். அன்றைக்கும் அங்கிருந்துதான் எல்லாவற்றையும் கேட்டேன்.

ஓனர் தனசேகர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார் இது, வண்டியா ஊடா?"

"ரெண்டுந்தாம்" என்றார் வந்தவர். அவர் பெயர் சுடலைமுத்து. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து அப்போதுதான் ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "கோட்ரஸ காலி பண்ணிட்டு ஊருக்குப் போவணும். எம் பொஞ்சாதிக்கு ஒரு பக்கம் வெளங்காது. உக்காந்து வர முடியாது, ரயில்ல எப்படிக் கொண்டு போவ? அதாம் இத வாங்கி இஞ்சினச் சரிபண்ணேன். கெளம்பப் போற நேரத்துல பயலுவ பந்தடிச்சு சன்னல ஒடச்சுப்புட்டானுவ."

"ஒரு தகரத்த அடிச்சுகினு போயேன் சார்."

"அவளுக்கு மூச்சு முட்டும்யா. அவ தலமாட்டுச் சன்னலு அது. தெறக்கவும் வேணும், மழையும் வரப்படாது."

கண்ணாடி போட்டால் கனம் தாங்காது, கீல் பிய்ந்துவிடும். அதனால் எங்களிடம் வந்திருக்கிறார்.

விரிசல் வேலை

ஜன்னலைக் கழற்றி மேஜையில் வைத்ததும்தான் அது இரண்டு ஷீட் என்று தெரிந்தது. வெளி ஷீட் கொஞ்சம் வளைவாக இருந்தது. உள் ஷீட் தட்டை. நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு ஓரமெல்லாம் ஒட்டியிருந்தார்கள். அப்படி ஒரு ஜன்னலை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

வெளி ஷீட்டில் மூலையிலிருந்து ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டால் அதற்கு மேல் ஓடாது. ஓனர் ஓட்டை போட்டார். நான் விரிசல் நெடுக ஊசியால் குளோரோஃபார்ம் விட்டேன். அக்ரிலிக் தூளைக் குளோரோஃபார்மில் குழைத்து அந்த ஓட்டையை அடைத்தேன். காய்ந்ததும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து பஃபிங் பிடித்தேன். நகத்தால் தடவினால்தான் விரிசல் இருந்த இடம் தெரியும்.

உள் ஷீட் மெல்லிசு, அது நொறுங்கிப்போயிருந்தது. துண்டுகளைச் சேர்த்து வைத்து அளவெடுத்தோம். கீழ் மூலைத் துண்டில் உருண்டையாக ஒரு துளை இருந்தது. என்னோடு வேலை செய்த மல்லிகா கேட்டாள், "அண்ணாத்தே, இங்க ஒரு ஓட்ட கீதே?"

"எவனோ ஸ்குரூ அட்ச்சிருப்பான். வுடு" என்றார் ஓனர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். போர்டு செய்கிறவர்களுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. லைட் எரிகிற பெட்டிக்குள் ஒரு ஈசல் நுழைந்தாலும் செத்து அடியில் கிடந்து கருப்பாகத் தெரியும். கடைக்காரர் போர்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஊசி நுழையக்கூட இடம் விடாமல் ஒட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். புது ஷீட்டைத் துளையில்லாமல் அறுத்து, நாலு பக்கமும் அடைத்து ஒட்டினோம்.

சுடலைமுத்து சார் தினமும் ஆவடியிலிருந்து சைக்கிளில் வந்துபோனார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். மேஜைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். "காஞ்சிட்டா? காஞ்சிட்டா?" அவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை நிலைகொள்ளாமல் போயிற்று. ஒட்டிய ஓரத்தையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

"ஏய், அது இன்னா புள்ளையா, ஜொரம் அடிக்குதானு தொட்டுப் பாக்குற?" என்றாள் மல்லிகா.

புடைத்துக்கொண்டது

கிளம்புகிற அன்று சுடலைமுத்து சார் வண்டியோடு வந்துவிட்டார். பாத்திரம், பாய், பின்னால் கட்டிய சைக்கிள், எல்லாம் வண்டியில். கட்டிலில் அவர் மனைவி இசக்கியம்மாள் படுத்திருந்தார். காலையிலேயே கோட்ரஸ் சாவியை ஒப்படைத்துவிட்டாராம். இனித் திரும்பிப்போக வீடு இல்லை.

ஜன்னலை மாட்டினோம். திறந்தது, மூடியது, பளபளவென்று இருந்தது. ஓனருக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது.

முதலில் உள்ளே பனி மாதிரி படர்ந்தது. துணியால் துடைத்தால் போகவில்லை. இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் இருந்தது. அப்புறம் உள் ஷீட் வயிறு மாதிரி புடைத்தது. டப் என்று ஒரு சத்தம். மேல் ஓரத்தில் ஒட்டு விட்டுப்போயிற்று.

சுடலைமுத்து சார் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடக்க ஆரம்பித்தார். "இன்னைக்கு ராத்திரி இவள எங்கன கெடத்துவேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஓனர் என்னிடம் கத்தினார். "இன்னா ஒட்ன நீ?"

விட்டுப்போன ஒட்டைப் பார்க்க வண்டிக்குள் ஏறினேன். கட்டில் ஓரத்தில் முட்டிபோட்டுத்தான் இருக்க முடிந்தது. அந்த அம்மா என் முகத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

"ஏட்டி, நீதான் ஒட்டுனியா?"

தலையை ஆட்டினேன்.

"அந்தப் பக்கத்துச் சன்னலப் பாரு. கீழ் மூலையில மொளகு கணக்கா கருப்பா ஒண்ணு இருக்கா? இதுல காணமே. காலையில இருந்து அதத்தான பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு வேற என்ன சோலி?"

எதிர்ப்பக்கத்து ஜன்னல் உடையாமல் இருந்தது. அங்கே போய்ப் பார்த்தேன். உள் ஷீட்டின் கீழ் மூலையில் ஒரு துளை, அதில் சின்ன ரப்பர் தக்கை. நகத்தால் நெம்பினேன். புஸ் என்று காற்று வந்தது.

அப்போதுதான் புரிந்தது. அந்தத் துளை மூக்கு. ஈரம் சேர்ந்தாலும் காற்று பெருத்தாலும் தக்கையைப் பிடுங்கிவிட்டால் வெளியே போக அதுதான் வழி. எங்கள் ஜன்னலுக்குள் மழைக்காலத்து ஈரமும் குளோரோஃபார்ம் ஆவியும் மாட்டிக்கொண்டு தவித்திருக்கின்றன.

வண்டியிலிருந்தே சத்தம் போட்டேன். "அண்ணாத்தே, அந்த ஓட்ட வோணும்! அது இல்லாம தான் வெடிச்சிகிச்சி!" கஸ்டமர் நிற்கும்போது நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜன்னலைக் கழற்றினோம். ஓனர் கை டிரில்லை மெதுவாகச் சுற்றித் துளை போட்டார். வேகமாகச் சுற்றினால் அக்ரிலிக் பிளந்துவிடும். சுடலைமுத்து சார் தன் சைக்கிள் பம்பைக் கழற்றி வந்து, துளை வழியாக அடி அடி என்று காற்றடித்தார். அவருக்கும் ஒரு வேலை கிடைத்ததில் கால் ஓரிடத்தில் நின்றது. நாற்றமெல்லாம் விட்டுப்போன ஒட்டு வழியாக வெளியேறியது. பனி கலைந்தது. பிறகு துளையைத் திறந்தே வைத்து ஒட்டைச் சரிபண்ணினேன். அது பிடிக்கும்வரை எங்கள் சாப்பாட்டை அந்த அம்மாவோடு பங்கு போட்டுக்கொண்டோம்.

சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டு நறுக்கி மடித்துத் துளையில் செருகினேன். அந்த அம்மாவின் நல்ல கைக்கு அது எட்டியது. இரண்டு தடவை பிடுங்கி, செருகிக் காட்டினார்.

ஓரத்தில் ஆவி பட்டு வெளுத்த இடம் மட்டும் பாலாடை மாதிரி நின்றுவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை. "புதுசா அறுத்துத் தரட்டுமாம்மா? ரெண்டு நாள் ஆவும்" என்றேன்.

"வேண்டாம்ட்டி. நடுவுல தெரியுதுல்லா, அது போதும்."

வெயில் சாய்வதற்குள் கிளம்பினார்கள். ரோட்டில் ஏறும் முன் லாரிகளுக்காக வண்டி நின்றது. ஜன்னல் மெல்ல மேல்நோக்கித் திறந்தது. உள்ளேயிருந்து அந்த அம்மா குரல் கேட்டது. "ஏங்க, லாரிக்காரன் என்னையப் பாத்துக் கையாட்டிட்டுப் போறான்!"

போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது. அந்த வாரம் முழுக்க மழை பெய்தபோதெல்லாம் அந்த மேல் ஓரத்து ஒட்டுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு எந்த வேலை வந்தாலும், காசு கொடுக்கிறவரைக் கேட்பதோடு விடமாட்டேன். அதை வைத்துப் புழங்கப் போகிறவர் யார், எங்கே உட்காருவார், எந்தப் பக்கம் பார்ப்பார் என்று கேட்பேன். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். ஷீட்டைப் பார்த்துக்கொண்டாவது கேட்டுவிடுவேன்.