பேச்சியம்மாவுக்குக் கிடைத்த முப்பது நாள்

பேச்சியம்மா பிறந்தது பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவள் அம்மா பிறந்ததும் அங்கேதான். 1971இல், முப்பத்தேழாவது வயதில், இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி அவள் இந்தியப் பிரஜை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கூட வந்தவர்கள் புருஷன் வேலனும் நாலு வயது மகன் இசக்கிமுத்துவும்.

மகள் இசக்கியம்மா வரவில்லை. முந்தின வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. மாப்பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவள் பெயரும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை கூட வந்தவள், "ஒரு வருசத்துல வந்து பாத்துட்டுப் போ" என்றாள். பேச்சியம்மாவும் சரியென்றாள். திரும்பிப் போக விசா என்று ஒன்று வாங்க வேண்டும் என்பது அப்போது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

மண்டபம் முகாமில் இருந்து அவர்களைத் திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். அவள் தாத்தா பிறந்த ஊராம். அங்கே அவர்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை, அவர்களுக்குத் தெரிந்த வேலையும் இல்லை. எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, கொழுந்து பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீலகிரிக்கு மலையேறினார்கள். கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தனியார் தோட்டத்தில் லயத்துக் காம்பரா, வரிசை வீடுகளில் ஓர் அறை, கிடைத்தது. ஆறாம் வருஷம் வேலன் நெஞ்சுச் சளியில் செத்துப்போனான்.

மகளிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் செத்தது. இரண்டாவது ஏழு மாதத்திலேயே போனது. மூன்றாவதும் தங்கவில்லை என்று எழுதியபோது பேச்சியம்மா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். பிறந்த இடம் சிலோன் என்றிருந்ததால் அந்தத் தாள் இந்தத் தாள் என்று கேட்டுக் கேட்டு, போலீஸ்காரர் இரண்டு முறை லயத்துக்கு வந்து விசாரித்து, பதினாலு மாதம் கழித்து அது கைக்கு வந்தது.

1982 ஆடியில் அடுத்த கடிதம். "இது நாலாவது. கடைசி மூணு மாசம் எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்குத்தர் சொல்லிட்டார். எனக்குப் பயமா இருக்குதும்மா. எப்பிடியாவது வந்து ஒரு மாசம் எங்கூட இரு. நீ இருந்தா இந்தப் புள்ள தங்கும்."

பேச்சியம்மா சென்னைக்கு ரயிலேறினாள். இலங்கை விசா கொடுக்கும் அலுவலகத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்றாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தமிழில்தான் பேசினார், மரியாதையாகவும் பேசினார்.

"நீங்க ஒப்பந்தத்துல நிரந்தரமா இந்தியா வந்தவங்க. திரும்பிப் போனா அங்கேயே தங்கிட மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியணும்ல? இங்க நிரந்தர வேலையில இருக்கீங்க, ஒரு மாசம் லீவு குடுத்திருக்காங்கன்னு உங்க தோட்டத்துல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க."

"அவ்வளவுதானுங்களா ஐயா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதானே என்று அவள் சந்தோஷமாகவே ஊர் திரும்பினாள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். மானேஜர் துரை விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

"லீவு வேணும்னா போயிட்டு வா. கடுதாசி தர முடியாது. உன் பேரு டெம்பரவரி லிஸ்ட்ல இருக்கு."

"தொரைகளே, நான் வந்து பத்து வருசமாச்சு. என் புருசன் இந்தத் தோட்டத்துலதான் செத்தாரு."

"அதெல்லாம் சரி. நீ பெர்மனெண்டுன்னு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு அதைக் காட்டிக் கேஸ் போடுவீங்க. போ, வேலையப் பாரு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிளார்க் லிங்கசாமியிடம் கேட்டாள். கோயமுத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். தொழிலாளிகளை வாங்க போங்க என்று பேசுகிற ஒரே ஆபீஸ் ஆள். அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கம்மா, வருசா வருசம் மாசி மாசத்துல பத்து நாள் வேலை இல்லைன்னு நிறுத்துவமே, ஞாபகமிருக்குதுங்களா?"

"ஆமாங்கய்யா, பனி விழுந்து கொழுந்து கருகிடும். அதுக்குத்தான?"

"அதுக்கில்லீங்க. அந்தப் பத்து நாள்ல உங்க பேரை அடிச்சுப்போட்டு, மறுக்காப் புதுசா வந்த ஆளாட்டம் எழுதுவோம். உங்க ஒருத்தர் பேரில்லீங்க, சிலோன்ல இருந்து வந்த நாப்பது பேருக்கும் அப்படித்தான். ரெக்கார்டுப்படி நீங்க வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசந்தானுங்க ஆச்சு."

"யாரு எழுதறது?"

"நாந்தானுங்க."

பேச்சியம்மா காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனாள். நாலு நாள் கழித்து லிங்கசாமியே லயத்துக்கு வந்தார். கையில் ஓர் உறை. தோட்டத்துப் பெயர் அச்சடித்த தாளில், பேச்சியம்மா 1972 முதல் நிரந்தரத் தொழிலாளி, ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு தரப்பட்டிருக்கிறது என்று டைப் அடித்து, மானேஜருக்காக என்று தன் கையெழுத்தையே போட்டிருந்தார்.

"யாரு கேட்டாலும் என் பேரைச் சொல்லிப்போடாதீங்கம்மா. எனக்கும் குழந்தைக இருக்குதுங்க" என்றார்.

கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, தபாலில் பதில் வரும் என்றார்கள். அவள் கிளம்பத் தயாரானாள். பிரசவத்துக்கு வேண்டிய பெருங்காயம், சுக்கு, பழைய வேட்டித் துணியெல்லாம் சேர்த்து ஒரு பையில் கட்டிவைத்தாள். மகளுக்கும் எழுதிப்போட்டாள்: "ஐப்பசிக்குள்ள அம்மா வந்துருவேன், தைரியமா இரு."

பதில் அவளுக்கு வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி தோட்டத்துக்கு வந்தது. கடிதத்தை இணைக்காமல், இப்படி ஒரு கடிதம் உங்கள் அலுவலகத்திலிருந்து கொடுக்கப்பட்டதா என்று விசா அலுவலகம் கேட்டிருந்தது. அங்கே அது வழக்கமாகச் செய்வதுதான். தபாலைப் பிரித்தவர் மானேஜர்.

பேச்சியம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். லிங்கசாமியும் இன்னும் இரண்டு கிளார்க்குகளும் சுவரோரம் நின்றார்கள்.

"யாரு குடுத்தது?"

பேச்சியம்மா தரையைப் பார்த்தாள்.

"டவுன்ல எவனையாவது பிடிச்சு நீயே அடிச்சியா? அப்படின்னா இது போலீஸ் கேசு. இன்னைக்கே காம்பராவக் காலி பண்ணு. ஆபீஸ்ல யாராவது குடுத்தாங்கன்னா பேரைச் சொல்லு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இசக்கிமுத்து அப்போது கோத்தகிரியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். காம்பராவை விட்டால் அவர்களுக்குப் போக இடம் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் இருந்த எட்டு மாதம் அவள் நினைவுக்கு வந்தது. அவள் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"கிளாக்கரய்யா குடுத்தாரு."

லிங்கசாமி மறுக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த வாரமே அவருடைய குவார்ட்டர்ஸ் வாசலில் வேன் வந்து நின்றது. அவர் மனைவி அம்சவேணி பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மா மேல்பாதையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போகவில்லை. அவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கிழங்கு மண்டியில் வேலைக்கு இருக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டாள். பஸ்ஸில் அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறாள். ஒருமுறையும் இறங்கவில்லை.

பாஸ்போர்ட் வெறும் பக்கங்களோடு திரும்பி வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது என்று ஒரு துண்டுத்தாள் அதோடு இருந்தது. மகளுக்கு, "விசா குடுக்கல" என்று இரண்டு வார்த்தை எழுதினாள். நடந்ததையெல்லாம் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அந்த நாலாவது குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை, சாந்தினி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று மருமகன் எழுதினார். இசக்கியம்மா எழுதவில்லை. அடுத்த ஆடியில் அங்கே கலவரம், லயங்களுக்குத் தீ வைத்தார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒரு வருஷம் தகவலே இல்லை. பிறகு கப்பலும் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறோம் என்று கடைசியில் ஒரு கார்டு வந்தது. அதுவும் மருமகனின் கையெழுத்துதான்.

1986இல் யூனியன் போட்ட கேஸ் ஜெயித்து, நாற்பது பேரையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நிரந்தரம் என்று எழுத வேண்டியதாயிற்று. லிங்கசாமி அடித்துக் கொடுத்த பொய்க் கடிதத்தில் 1972 முதல் நிரந்தரம் என்று இருந்தது அன்றைக்கு உண்மையானது. மற்றவர்கள் கட்டபெட்டுக் கடைவீதியில் பட்டாசு வெடித்தபோது பேச்சியம்மா காம்பராவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

2003இல், சண்டை ஓய்ந்திருந்த சமயத்தில், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த இசக்கிமுத்து புதுப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து, திருச்சியிலிருந்து விமானத்தில் ஏற்றிவிட்டான். விசாவுக்கு எங்கே வரிசையில் நிற்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அதெல்லாம் இப்ப கிடையாதும்மா. போய் எறங்குனதும் அங்கயே குத்திக் குடுத்துருவாங்க."

அப்படியேதான் நடந்தது. கொழும்பில் ஓர் இளம்பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டி, முகத்தை ஒருமுறை பார்த்து, முத்திரையைக் குத்தினாள். முப்பது நாள். ஒரு கடிதமும் கேட்கவில்லை.

அறுபத்தொன்பது வயதில் மகள் வீட்டுப் படியேறினாள். இசக்கியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. தலை முழுக்க நரைத்திருந்தது. அழவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க, பயணமெல்லாம் சௌரியமா?" என்று கேட்டாள். கடிதங்களில் நீ என்று எழுதியவள் இப்போது நீங்க என்றாள். பேச்சியம்மா அடுப்படிக்குள் போகப் போனபோது, "வேணாம், நீங்க உக்காருங்க" என்று தடுத்தாள். மூன்றாம் நாள் பேத்தி சாந்தினி சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அம்மாயி, விசா எத்தன நாளைக்குக் குடுத்திருக்காங்க?"

ஒன்பதாம் நாள் மகள் தனியாக இருந்தபோது பேச்சியம்மா வாயைத் திறந்தாள். கடிதம், மாசி மாதத்துப் பத்து நாள், லிங்கசாமி, ஆபீசில் நின்றது எல்லாவற்றையும் சொன்னாள். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

இசக்கியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் பொறுக்கிய கல்லை வாசலில் வீசினாள்.

"பக்கத்துக் காம்பராக்காரியோட அம்மா அந்த ஐப்பசியிலதான் ராமநாதபுரத்துல இருந்து வந்தாங்க. அவுங்க கையாலதான் சாந்தினிக்கு மொத தண்ணி ஊத்துனது. உங்களுக்கு மட்டும் ஏன் முடியலன்னு கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோனேன்."

"முடியலடி. நான் என்ன செய்ய?"

"அந்த மனுசன் புள்ளகுட்டிக்காரர்னு சொன்னீங்களே. கடைசியில அவரையும் வுட்டுட்டீங்களா?"

மகள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டாம் நாள் பேச்சியம்மா கிளம்பினாள். இன்னும் பதினெட்டு நாள் பாக்கி இருக்கிறதே என்று மருமகன் ஒருமுறை சொன்னார். மகள் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரை வந்து, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த வருஷம் வைகாசியில் கட்டபெட்டு விலாசத்துக்கு ஓர் உறை வந்தது. சாந்தினியின் கல்யாணப் படம் ஒன்று இருந்தது. கல்யாணம் முடிந்து இருபது நாளாகியிருந்தது. படத்தில் பதினாறு பேர் நின்றார்கள். பேச்சியம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது மூன்று பேரைத்தான்.